சப்வூஃபரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோடு தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கென்றே செய்த ஒரு சப்வூஃபரைச் சேர்த்துப் பாட்டு கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை அங்குலம்? எத்தனை வாட்ஸ்? கடையிலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இசை கேட்க மட்டும் என்றால் இந்த இரண்டும் பின்னால் வர வேண்டிய கேள்விகள். பெட்டியைத் திருப்பி, அதன் முதுகில் என்னென்ன குமிழ்கள், என்னென்ன இணைப்புகள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நல்ல விலை கொடுத்து வாங்கிய சப்வூஃபரை ஒரு மாதத்தில் அணைத்துப் போட்டுவிட்டு "பாட்டே கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் நல்ல பெட்டிகள்தான். ஸ்பீக்கரோடு சேர்ப்பதற்கு வழி இல்லாத பெட்டிகள், அவ்வளவுதான்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். மாடியில் 12-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு நாற்காலி. 10 அடி சுவர்ப் பக்கம் ஸ்டாண்டில் 5 அங்குல வூஃபர் கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கர். எதிர்ச்சுவர்ப் பக்கம் என் நாற்காலி. ஆம்ப்ளிஃபயர் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப், சப்வூஃபருக்கென்று தனி அவுட்புட் கிடையாது. கேட்பது கர்நாடகக் கச்சேரிகள், எண்பதுகளின் திரைப்பாடல்கள், கொஞ்சம் ஜாஸ். இந்த அறையில் சினிமா பார்ப்பதில்லை. இது முக்கியம். படத்தில் குண்டு வெடிப்பதற்கு வாங்குகிற சப்வூஃபரும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கிக்கு வாங்குகிற சப்வூஃபரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

5 அங்குல வூஃபர் உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 55, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய ஒலி தாழும்) பக்கம் வந்ததும் சத்தம் இறங்கத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது? பேஸ் கிடாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் அப்படியே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். டபுள் பேஸுக்கும் அதே 41 தான். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. மிருதங்கத்துக்கு வருவோம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தொப்பியை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்ப்பது வழக்கம். அப்படியானால் 65 ஹெர்ட்ஸை ஒட்டி. கும்கியில் உள்ளங்கை தோலை அழுத்தி வழுக்கும்போது அந்த நாதம் ஏறி இறங்குகிறது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் கும்கி கேட்காமல் போகாது. அதன் மேல் சுரங்கள் கேட்கும், மூளை மிச்சத்தை இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் சபாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நெஞ்சில் வாங்கிய அந்த கனம் வராது. திரைப்பாடல்களின் பேஸ் கிடாரும் அப்படித்தான். வரிகள் கீழே இறங்கும் இடத்தில், கூட நடந்து வந்தவர் திடீரெனப் பின்தங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

ஐம்பது, அறுபதுகளின் பதிவுகளை மட்டும் கேட்பவர் என்றால் சப்வூஃபருக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பேன். என் காதுக்கு அந்தப் பதிவுகளில் அவ்வளவு கீழே பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் போடலாம். அதேபோல வாங்கும் முன் இருக்கிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் பின்னால் சுவர்ப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், நாற்காலியை ஒரு முழம் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள். சில அறைகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.

சரி, வாங்குவது என்று முடிவாயிற்று. "சின்னது" என்பதன் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹோஃப்மன் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இதைத் தாண்டிய பெட்டியை இதுவரை யாரும் செய்யவில்லை. கெஃப் நிறுவனத்தின் கேசி62 சுமார் 25 சென்டிமீட்டர் கனசதுரம்தான். அதற்குள் இரண்டு ஆறரை அங்குல கோன்களை, அதாவது காற்றைத் தள்ளும் கூம்புகளை, வைத்து, தள்ளுவதற்கு மொத்தம் 1000 வாட்ஸ் ஆம்ப் கொடுத்திருக்கிறார்கள். எஸ்விஎஸ் நிறுவனத்தின் எஸ்பி-1000 ப்ரோவில் 12 அங்குல கோன், 325 வாட்ஸ். வாட்ஸை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலாவது மூன்று மடங்கு பலமானது என்று தோன்றும். அப்படி அர்த்தமில்லை. சின்னப் பெட்டிக்கு அவ்வளவு பவர் தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கணக்கு. ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் நிதானமாக இருக்கும் கோன் 40-இல் நான்கு மடங்கு நகர்கிறது, 20-இல் பதினாறு மடங்கு. அதனால்தான் 20 ஹெர்ட்ஸ் வரை போவதாகச் சொல்லும் சின்னப் பெட்டியை நான் அந்த எண்ணுக்காக வாங்க மாட்டேன். போகும், ஆனால் மெதுவான சத்தத்தில் மட்டும். நமக்கு வேண்டிய இசைக்கு 35 அல்லது 40 வரை சுத்தமாக இறங்கினால் ஏராளம். 12-க்கு 10 அறையில், ஏழெட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு 8 அங்குலம் போதும், 10 அங்குலம் தாராளம். நான் 8 அங்குலத்தில் நின்றுவிட்டேன்.

பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்சம், என்று போட்ட வாட்ஸைப் பார்க்கவே வேண்டாம். உள்ளூர் செட்டுகளில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள். தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸ் எங்கும் எழுதவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடலாம்.

மூடிய பெட்டியா, துளை உள்ள பெட்டியா என்பது அடுத்தது. எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, முழுக்க மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். இன்றைய மூடிய சப்வூஃபர்கள் அந்த வழியில் வந்தவை. துளை உள்ள பெட்டி அதே பவரில் கூடுதல் சத்தம் தரும், ஆனால் அதன் எல்லைக்குக் கீழே சட்டென்று விழும். ஸ்தாயிக்கு 24 டெசிபல். மூடிய பெட்டி சீக்கிரமே இறங்கத் தொடங்கினாலும் ஸ்தாயிக்கு 12 டெசிபல் என்று மெதுவாகச் சரியும். சின்ன அறையில் இந்தச் சரிவு நமக்கு அனுகூலம். அறையின் நீளத்துக்குள் அடங்காத நீண்ட அலைகளை நான்கு சுவரும் சேர்ந்து தாங்கிப்பிடிக்கும். கான்கிரீட் அறையில் இது நன்றாகவே தெரியும். பெட்டி சரிகிறது, அறை தூக்கிவிடுகிறது, இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. என் 8 அங்குலப் பெட்டியைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பரின் பழைய வீட்டு முன்கட்டில் வைத்துப் பார்த்தோம். உயரமான கூரை, திறந்த முற்றம். அங்கே சோனியாக இருந்தது. அந்த வீட்டுக்கு 12 அங்குலம் வேண்டும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆக என் சிபாரிசு, இசைக்கு, மூடிய அறைக்கு, மூடிய பெட்டி. நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. துளை இருந்தால் பல்லியும் எறும்பும் குடிபுகும். மழைக்காலத்தில் நிச்சயம்.

இப்போது பெட்டியின் பின்பக்கம். நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, ஸ்பீக்கர் ஒயர் இணைப்பு. ஹை லெவல் இன்புட் என்று எழுதியிருக்கும். என் ஆம்ப் மாதிரி சப் அவுட் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதற்காக ஆம்பை மாற்றத் தேவையில்லை. ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே இன்னொரு ஒயரை எடுத்து சப்வூஃபருக்குக் கொடுத்துவிடலாம். சப்வூஃபர் அந்த ஒயரிலிருந்து சிக்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்குள் தனி ஆம்ப் இருப்பதால் நம் ஆம்புக்குக் கூடுதல் பாரம் ஏறாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே குணம் சப்வூஃபருக்கும் போகிறது என்பதால் இசைக்கு இந்த வழியை விரும்புபவர்கள் அதிகம். ரெல் நிறுவனம் பல வருடங்களாக இதையே வலியுறுத்துகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். சில ஆம்புகளில், முக்கியமாகச் சின்ன டிஜிட்டல் ஆம்புகள் பலவற்றில், கறுப்பு டெர்மினல் எர்த்தோடு சேர்ந்ததாக இருக்காது. அதிலும் சிக்னல் ஓடும். அந்த வகை ஆம்பில் கறுப்பு ஒயரை வழக்கம்போல மாட்டினால் ஆம்ப் போய்விடலாம். இரண்டின் கையேட்டையும் படித்துவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கேளுங்கள்.

இரண்டாவது, கிராஸ்ஓவர் குமிழ், அதாவது எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்று வைக்கும் குமிழ், எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. சில பெட்டிகளில் 80-க்குக் கீழே போகாது. சினிமாவுக்கு 80 பழக்கமான எண், டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரத்திலும் அதுதான். ஆனால் ஸ்பீக்கரை முழுசாக ஓடவிட்டு அதன் அடியில் மட்டும் சப்வூஃபரைச் சேர்ப்பவருக்கு 50 அல்லது 60 வரை இறங்க வேண்டும். 40 வரை இறங்கினால் நிம்மதி. இந்த ஒரு காரணத்துக்காகவே கடையில் நன்றாக இருந்த ஒரு 10 அங்குலப் பெட்டியை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, ஃபேஸ், அதாவது ஸ்பீக்கரின் அலையும் சப்வூஃபரின் அலையும் சேர்ந்து ஏறி இறங்கும்படி சரிசெய்வது. சிலவற்றில் 0, 180 என்று சுவிட்ச் மட்டும் இருக்கும். சிலவற்றில் இடைப்பட்ட எல்லா நிலைகளுக்கும் திருப்பும் குமிழ் இருக்கும். குமிழ் இருப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம். நம் வீடுகளில் சப்வூஃபருக்கு இடம் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கட்டிலும் பீரோவும் விட்டுவைத்த இடம்தான். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் நம் காதிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கும். என் அறையில் அந்த வித்தியாசம் இரண்டு, இரண்டரை அடி. 65 ஹெர்ட்ஸில் அலை நீளம் ஐந்தரை மீட்டரை ஒட்டி. அந்தக் கணக்கில் 50 டிகிரி அளவுக்கு இரண்டும் விலகி நிற்கின்றன. சுவிட்ச் மட்டும் இருந்தால் அந்த 50-ஐ ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது, சத்தக் குமிழ் மெதுவாக, சீராக ஏறுகிறதா என்பது. கொஞ்சம் தொட்டதும் தாவும் குமிழோடு வாழ்வது கஷ்டம். இதைக் கடையிலேயே கையால் திருப்பிப் பார்த்துவிடலாம்.

புதுசாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கடலூரில் இந்த வகைப் பெட்டிகளை வைத்துக் காட்டும் கடை எனக்குக் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒன்றிரண்டைக் கேட்டேன். பெரிய குளிர்பதனக் கூடத்தில் பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் காட்டுவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கூடம் நம் அறை இல்லை. கடையில் பார்க்க வேண்டியது பின்பக்கத்தை, பெட்டியின் கனத்தை, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை. அவ்வளவுதான். கடைசியில் ஆரோவில் பக்கம், குயிலாப்பாளையத்தில், ஊருக்குத் திரும்பும் ஒருவரிடமிருந்து பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. அந்தப் பக்கம் இப்படி நல்ல சாமான்கள் அவ்வப்போது கைமாறும், காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழசு வாங்குபவர்கள் வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபோம் வளையம் நம் கடலோர ஈரப்பதத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நிற்கும். விரலால் மெல்ல அழுத்தினால் ஃபோமா ரப்பரா என்பது தெரிந்துவிடும். அப்புறம் டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று வெளியில் தெரிகிற அளவுக்கு வேலை செய்திருந்தால் உள்ளே போர்டிலும் செய்திருக்கும். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் பாட்டே போடவில்லை. ஒன்றும் இணைக்காமல் ஆன் செய்து, காதைக் கோனுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "தம்பி, சும்மா இருக்கும்போது சும்மா இருக்குதான்னு பாக்கணும். உர்ருன்னு சத்தம் வந்தா கப்பாசிட்டர் போயிருக்கு, விலையக் குறை." பிறகு ஃபோனிலிருந்து வெறும் டோன்களை 100 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை மெல்ல இறக்கினார். எங்காவது கிரகிரவென்று உரசினால் கோனை அசைக்கும் கம்பிச்சுருள் (காயில்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கும் உரசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் முக்கால்வாசி வேலை. பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு அக்கறை காட்டுகிறோமோ அதைவிட அதிகமாக இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்ட வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 12 அடி, அதாவது 3.66 மீட்டர் நீளமுள்ள அறையில், இரு சுவர்களுக்கு நடுவே பாதி அலை சரியாகப் பொருந்துவது 48 ஹெர்ட்ஸில். அகலம் 10 அடிக்கு 57. உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் 57. இந்த எண்களில் அறை தானாகவே முழங்கும். பேஸ் கிடார் வரியில் ஒரு சுரம் மட்டும் எகிறிக் குதித்து, அடுத்த சுரம் காணாமல் போனால் காரணம் இதுதான். பலர் அதற்குப் பெட்டியைத் திட்டுவார்கள்.

இந்த முழக்கங்கள் அறை முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. நீளத்தின் முழக்கம் இரண்டு முனைச் சுவர்களிலும் பலமாக இருக்கும், நீளத்தின் நடுவில் இல்லாமலே போகும். மூலையில் எல்லா முழக்கமும் சேரும். கடைக்காரர்கள் மூலையில் வைக்கச் சொல்வது அதனால்தான், அங்கே சத்தம் அதிகம். என் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருப்பதால் 48 எனக்குப் பலமாக வரும். அதனால் சப்வூஃபரை அந்த 48-ஐக் கிளப்பாத இடத்தில் வைக்க வேண்டும். 12 அடிச் சுவரின் நடுவில் வைத்தால் நீளத்தின் முழக்கம் எழும்பாது. அகலத்தின் முழக்கம் எழும்பும், ஆனால் நான் அகலத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் அது என் காதுக்கு எட்டாது. உயரத்தின் முழக்கம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். கட்டிலை ஒரு அடி தள்ளிப் போட்டு, பக்கச் சுவரின் நடுவில் பெட்டிக்கு இடம் செய்தேன். மூலையில் இருந்ததைவிட சத்தம் குறைந்தது. சுரங்கள் சமமாயின. மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து நின்றது அன்றைக்குத்தான். அந்த வித்தியாசத்தைக் கேட்ட பிறகு, இன்னும் பெரிய பெட்டி வாங்கியிருக்கலாமோ என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, அதுவும் நன்றாகவே வேலை செய்யும். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வையுங்கள். பேஸ் வரி ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எல்லா சுரமும் சமமாகக் கேட்கும் இடம் எங்கேயோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தால் நிதானமாகச் செய்யலாம்.

நடுச்சுவர், பக்கவாட்டு இடம் என்றெல்லாம் வைக்கும்போது கிராஸ்ஓவரைக் கீழேதான் வைக்க வேண்டும். 80, 90-க்கு மேலே போனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். நான் 60-க்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

சேர்க்கும் வரிசையையும் சொல்கிறேன். ஸ்பீக்கரின் பின்னால் துளை இருந்தால் அதை ஸ்பாஞ்சாலோ சுருட்டிய துணியாலோ அடைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரும் மூடிய பெட்டியாகி மெதுவாகச் சரியும், சப்வூஃபரோடு ஒட்டுவது எளிதாகும். என் ஸ்பீக்கரில் இதனால் நடுப்பகுதியும் தெளிவானது. அடுத்து 60 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, வேறொருவர் ஃபேஸ் குமிழைத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் சத்தம் அதிகமாகக் கேட்கிறதோ அங்கே இரண்டும் கைகோத்துப் போகின்றன. அங்கேயே நிறுத்திவிடலாம். எங்கள் வீட்டில் குமிழைத் திருப்பியது என் மகள். ஃபோனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவசச் செயலி ஒன்றையும் வைத்துக்கொண்டோம். ஃபோன் மைக் அவ்வளவு கீழே சரியான அளவைக் காட்டாது, ஆனால் முன்னைக்கு இப்போது கூடியதா குறைந்ததா என்று காட்டிவிடும். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நண்பர் இருந்தால் அளக்கும் மைக்கோடு ஒரு நாள் கூப்பிடுங்கள். அந்த மைக்கோடு அறையின் ஒலியை அளக்க ஆர்இடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம்தான்.

சத்தத்தின் அளவைக் காதால்தான் வைக்க வேண்டும். பேஸே இல்லாத ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல் பேசும் பேட்டி நல்லது. குரல் மார்புக்கூட்டிலிருந்து வருவதுபோல வீங்கினால் கிராஸ்ஓவரோ சத்தமோ கூடுதல். குறையுங்கள். குரல் மாறாமல் இருக்கும் அளவில் நிறுத்திவிட்டு, இப்போது கச்சேரியைப் போடுங்கள். முதல் வாரம் குறைவாகத்தான் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாள் சப்வூஃபரை அணைத்துப் பாருங்கள், அறையே சுருங்கிப்போனது தெரியும்.

ஒரு விஷயத்தை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி மெதுவாக வைத்தால் பேஸ் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அது பெட்டியின் குறையல்ல. மெதுவான சத்தத்தில் தாழ்ந்த ஒலிகள் மனிதக் காதுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதை 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டை மனதில் வைத்துக்கொண்டு.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் சொன்னார்: "தம்பி, உங்க வீட்ல என்ன பாட்டு ஓடுதுன்னே தெரியல, இடி மட்டும் எங்களுக்குக் கேக்குது." பெட்டி அப்போது பொதுச்சுவரின் மூலையில் இருந்தது. உயர்ந்த ஒலிகளைச் சுவர் தடுத்துவிடும், 40, 50 ஹெர்ட்ஸை 9 அங்குலச் சுவராலும் முழுசாகத் தடுக்க முடியாது. அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டேன். தரை வழியாகப் போகும் அதிர்வு குறைந்தது. காற்று வழியாகப் போவதை ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. எதிர்ப்பக்கச் சுவரின் நடுவுக்கு மாறியதும், ஒன்பது மணிக்கு மேல் அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டதும்தான் பிரச்சினையைத் தீர்த்தன. பொதுச்சுவர் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் வாங்கும் முன்னரே இதை யோசிப்பது நல்லது. அவர்களும் நம்மைப்போல உழைத்துவிட்டு வந்து தூங்குபவர்கள்.

பீரோ. ஸ்டீல் பீரோ உள்ள அறையில் சப்வூஃபர் வைக்கும் ஒவ்வொருவருக்கும் இது வரும். ஏதோ ஒரு சுரத்துக்கு மட்டும் "ஜிர்ர்" என்று கேட்கும், பெட்டி கிழிந்துவிட்டதோ என்று தோன்றும். பீரோ கதவைக் கையால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். டோனை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தால் எது எது அதிர்கிறது என்பது தெரியும். எங்கள் வீட்டில் பீரோ கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் குத்துவிளக்கு. கதவிடுக்கில் ஃபெல்ட் துண்டும், கண்ணாடிக்கு இரண்டு ரப்பர் துண்டும் போதுமாக இருந்தன.

ஹம், அதாவது மின்சாரத்தால் வரும் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்குள் சரியாக உட்காரும் எண். ஸ்பீக்கரில் கேட்காத ஹம் சப்வூஃபரில் கேட்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் போட்டுப் பாருங்கள். கேபிள் டிவி ஒயர் ஆம்போடு எங்காவது சேர்ந்திருந்தால் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் காரணம் அதுதான். எர்த் பின்னை ஒடித்துவிட்டால் ஹம் நிற்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யவே கூடாது, உயிருக்கு ஆபத்து. பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபாருங்கள்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்தவர்கள். ஆம்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தரைக்கு அரையடி உயரத்தில் இருக்கிற ஒரே சாமான் சப்வூஃபர்தான். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் அதை ஒரு பலகை மேல் தூக்கி வைத்துவிடுவது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், கரண்ட் போய்த் திரும்ப வரும் அந்த நொடிதான் ஆம்பைக் கொல்லும். ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் அது கரண்டோடுதான் இருக்கிறது.

இரண்டு சின்ன சப்வூஃபரை எதிரெதிர்ச் சுவரில் வைத்தால் முழக்கங்கள் இன்னும் சமமாகும். இது நிஜம்தான். நண்பர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார், கேட்க அருமையாக இருக்கிறது. என் அறையில் எதிர்ச்சுவர் பொதுச்சுவர் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

எல்லாம் சரியாக அமைந்ததும் மூன்று குமிழ்களின் நிலையையும் ஒரு வெள்ளைப் பென்சிலால் பெட்டியிலேயே குறித்துவையுங்கள். ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போதும் ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதும் யார் கையாவது பட்டு அவை திரும்பிவிடும். பெட்டி நின்ற இடத்தையும் டைல்ஸ் கோட்டை வைத்து எண்ணிக் குறித்துக்கொண்டால், அரையடி தள்ளிப் போட்டுவிட்டு ஏன் மாறிப்போச்சு என்று தேட வேண்டியிருக்காது.